கரைக்கும் கேனோவுக்கும் ஒரே ஜிக் ராடு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டொராண்டோவுக்கு வந்த இரண்டாம் வருஷம், ஏப்ரலில், 139 டாலருக்கு ஒரு ராடு, அதாவது தூண்டில் கம்பு, வாங்கினேன். 13 சதவீத வரியோடு 157 டாலர். ஏழரை அடி நீளம், 'ஹெவி' பவர், அதாவது எளிதில் வளையாதது. 'ஜிக்குக்கு இதுதான்' என்று கடையில் சொன்னதை அப்படியே நம்பினேன். கரையில் நின்று 7 கிராம் ஜிக்கை, அதாவது தலையில் எடை வார்த்த தூண்டில் முள்ளை, வீசினால் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டவில்லை. ஜூலையில் ரைஸ் லேக் ஏரியில் கேனோவில், அதாவது ஒடுக்கமான துடுப்புப் படகில், உட்கார்ந்திருந்தபோது ஒரு நல்ல பாஸ் மீன் கடித்தது. சுண்டினேன். ராடின் அடிக்கட்டை லைஃப் ஜாக்கெட் பட்டைக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது. ராடு பாதி உயரத்தில் நின்றுவிட்டது, கேனோ ஒரு பக்கம் சாய்ந்து மடியில் தண்ணீர் ஏறியது, மீனும் போய்விட்டது. பயன்படுத்திய பொருள் என்பதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை.

ஒன்டாரியோவுக்குப் புதிதாக வந்து, வார இறுதியில் கரையிலோ வாடகைக் கேனோவிலோ தூண்டில் போட நினைக்கிறீர்களா? உங்களுக்கு அந்த 157 டாலர் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரே ராடு வாங்கி, இரண்டு இடத்திலும் ஒழுங்காகப் பயன்படுத்த முடியும். வரிசை மாறாமல் பார்த்தால் போதும்.

1. ராடைப் பார்க்காதீர்கள், முதலில் ஜிக்கின் எடையைப் பாருங்கள்

ஜிக் என்பது தலையில் ஈயமோ டங்ஸ்டனோ வார்த்த தூண்டில் முள். அதில் ரப்பர் புழுவையோ ரப்பர் மீனையோ மாட்டி, தண்ணீரில் இறங்கவிட்டு, துள்ளவைத்து இழுப்போம். நம் ஊரில் தக்கை போட்டு மண்புழு கோத்துக் காத்திருந்த பழக்கம் இங்கே உதவாது. தக்கை அமுங்குவதைக் கண் பார்க்கும். ஜிக்கில் கடிப்பதைக் கைதான் உணர வேண்டும். அதனால்தான் ராடு இவ்வளவு முக்கியமாகிறது.

எந்த எடை? கரையிலிருந்தும் கேனோவிலிருந்தும் நாம் போகக்கூடிய இடங்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்தவை. டொராண்டோவிலிருந்து கிழக்கே, வடகிழக்கே போனால் ரைஸ் லேக், ஸ்குகாக், கவார்த்தா ஏரிகள். பல இடங்களில் கரையோரம் பாசிக்கொடி, அதற்கு வெளியே இரண்டு முதல் நான்கு மீட்டர் தண்ணீர். இரண்டு மீட்டருக்குள் என்றால் 3.5 கிராம், அதாவது பாக்கெட்டில் 1/8 அவுன்ஸ் என்று போட்டிருப்பது. நான்கு மீட்டர் வரை 7 கிராம், 1/4 அவுன்ஸ். காற்று அடித்துக் கேனோ நகர்ந்துகொண்டே இருந்தால் 10 கிராம், 3/8 அவுன்ஸ். நான் ஒரு வருஷத்தில் வீசுவதில் பெரும்பகுதி அந்த 7 கிராம்தான்.

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 'ஜிக் ராடு' என்று எழுதி விற்பவை பெரும்பாலும் பாவாடை போல ரப்பர் இழைகள் தொங்கும் கனமான பாஸ் ஜிக்குக்கானவை. அவை 14 கிராம், 21 கிராம் என்று இருக்கும். மோட்டார் படகில் நின்றுகொண்டு, அடர்ந்த பாசிக்குள் போட்டு, மீனைக் கொடியோடு சேர்த்துப் பிடுங்கி எடுப்பவர்களுக்கானது. அந்த ராடில் 7 கிராம் கட்டினால் நுனி வளையவே வளையாது. நுனி வளைந்து நிமிர்வதுதான் ஜிக்கைத் தூரத்துக்கு எறிகிறது. வளையாத ராடில் என்னதான் கை வீசினாலும் ஜிக் போகாது.

2. கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்

ஒவ்வொரு ராடிலும் கைப்பிடிக்குச் சற்று மேலே நான்கு விஷயங்கள் எழுதியிருக்கும்: நீளம், பவர், ஆக்‌ஷன், தாங்கும் எடை. விலைச் சீட்டுக்கு முன்னால் அதைப் படியுங்கள்.

தாங்கும் எடை 1/8 முதல் 5/8 அவுன்ஸ் என்று இருந்தால் கையில் எடுங்கள். நீங்கள் அதிகம் வீசப்போகும் எடை அந்த வரம்பின் நடுப்பக்கம் விழ வேண்டும். வரம்பின் அடியில் இருந்தால் தூரம் போகாது, உச்சியில் இருந்தால் ராடு திணறும். 3/8 முதல் 1 அவுன்ஸ் என்று இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள்.

பவர் என்பது வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. நமக்கு 'மீடியம்'. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. நமக்கு 'ஃபாஸ்ட்', அதாவது மேல் பகுதி மட்டும் வளையும், கீழே விறைப்பாக நிற்கும். பலருக்கு இவை இரண்டும் குழம்பிவிடும். ஃபாஸ்ட் என்றால் பலமான ராடு என்று அர்த்தமில்லை. ஜிக்குக்கு ஃபாஸ்ட் ஏன் வேண்டும் என்றால், மீன் ஜிக்கை உறிஞ்சி, சரியில்லை என்று துப்ப ஒரு நொடி போதும். சுண்டியவுடன் முள் ஏற வேண்டும். அடிவரை வளையும் ராடில் நீங்கள் சுண்டிய வேகம் வளைவிலேயே போய்விடும்.

என்ன பொருளில் செய்தது என்பதையும் பாருங்கள். கிராஃபைட் ராடு லேசானது, அதிர்வைக் கைக்குக் கடத்தும். கண்ணாடி நார் ராடு உறுதியானது, விலை குறைவு, ஆனால் கடியை விழுங்கிவிடும். பாஸ் கடிப்பது பல நேரம் ஜிக் இறங்கும்போதுதான். 'டக்' என்று விரலில் ஒரே ஒரு தட்டு, இல்லையென்றால் தூண்டில் நரம்பு சட்டென்று தொய்ந்து நிற்கும். அவ்வளவுதான் சைகை. கண்ணாடி நார் ராடில் முதல் கோடை முழுக்க அதைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

3. நீளம்: கரை ஒன்று கேட்கும், கேனோ இன்னொன்று கேட்கும்

கரைக்கு நீளம் நல்லது. முன்னால் நாணல் இருக்கும், அதைத் தாண்டி நரம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூரமும் வேண்டும். கரையில் மட்டும்தான் என்றால் ஏழடி, ஏழே கால் அடி வாங்கச் சொல்வேன்.

கேனோவில் கதை வேறு. நீங்கள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கால் நீட்டியோ மடக்கியோ, எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏழரை அடி ராடில் மீனை அருகே கொண்டுவந்துவிட்டு, அதைக் கையில் எடுக்கப் பாருங்கள். ராடைத் தலைக்குப் பின்னால் சாய்த்து, மறு கையை வெளியே நீட்ட வேண்டும். உடம்பு முழுக்க ஒரு பக்கம் போகும். கேனோ கவிழ்வது இப்படித்தான். அதோடு, ராடு செங்குத்தாக நிற்கும்போது மீன் கீழே பாய்ந்தால் நுனி ஒடிந்துவிடும்.

அதற்காக ஐந்தரை அடிக்குப் போய்விடாதீர்கள். மீன் கேனோவுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஓடும். அப்போது ராடின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, கேனோவின் முனையைச் சுற்றி நரம்பை மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். குட்டை ராடு எட்டாது. விளிம்பில் அழுந்தி உடையும்.

இரண்டுக்கும் பொதுவாக எனக்குச் சரியாக வந்தது 6 அடி 8 அங்குலம் முதல் 7 அடிக்குள். இப்போது என்னிடம் இருப்பது 6 அடி 10 அங்குலம். கரையில் கொஞ்சம் தூரம் குறைகிறது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கேனோவில் நிலை தடுமாறுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஒற்றைத் துண்டா, இரண்டு துண்டா? ஒற்றைத் துண்டில் உணர்வு சற்றுக் கூடுதல் என்பார்கள். ஆனால் ஏழடி ராடு 213 சென்டிமீட்டர். சின்ன காரில் முன் சீட்டுவரை நீட்டி, கதவைச் சாத்தும்போது நுனி உடைந்து போவது இங்கே சர்வ சாதாரணம். பஸ்ஸிலும் சப்வேயிலும் போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டு துண்டுதான். இணைப்பை முறுக்கி இறுக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

4. கடையில் உட்கார்ந்து பாருங்கள்

என்னிடம் யாரும் சொல்லாத விஷயம் இது. எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது.

நரம்பைச் சுற்றும் ரீலைப் பொருத்தும் இடத்திலிருந்து ராடின் அடிமுனை வரை உள்ள பின்கைப்பிடியை அளந்து பாருங்கள். என் முதல் ராடில் அது 13 அங்குலம். இரண்டு கையாலும் பிடித்து வீசுவதற்காக அப்படி வைக்கிறார்கள். நின்றால் நல்லது. உட்கார்ந்தால், லைஃப் ஜாக்கெட்டின் தடிமன் ஒரு பக்கம், மடித்த முழங்கால் ஒரு பக்கம், நடுவில் அந்தக் கட்டைக்குப் போக இடமே இல்லை. ஒன்பது, பத்து அங்குலம் என்றால் முழங்கைக்கு உள்ளேயே அடங்கிவிடும்.

சரி, எப்படிச் சோதிப்பது? வீட்டிலிருந்து லைஃப் ஜாக்கெட்டை எடுத்துப் போங்கள். இல்லையென்றால் அதே கடையில் விற்கும் ஒன்றைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். காலணி போட்டுப் பார்க்க ஒரு குட்டை ஸ்டூல் இருக்கும், அதில் உட்காருங்கள். ரீலை மாட்டித் தரச் சொல்லுங்கள். ராடை முன்னால் தாழ்த்திப் பிடித்து, பக்கவாட்டில் வாரி இழுங்கள், இடமும் வலமும். அடிமுனை எங்காவது இடிக்கிறதா? ஜாக்கெட்டின் பட்டையில் மாட்டுகிறதா? கூச்சப்பட வேண்டாம், இரண்டு நிமிஷ வேலை. இரண்டாவது ராடு வாங்கும்போது நான் ஏழு ராடுகளை இப்படிப் பார்த்தேன். நான்கு, உட்கார்ந்தவுடனேயே ஒத்துவராமல் போய்விட்டன.

அப்படியே வளையங்களுக்குள் ஒரு பஞ்சைவிட்டு உருட்டுங்கள். பஞ்சு இழை மாட்டினால் வளையத்தில் கீறல் இருக்கிறது, நரம்பை அறுத்துவிடும். கடைசியாக, ரீல் மாட்டிய ராடை ரீலுக்கு முன்னால் ஒரு விரலில் தாங்கிப் பாருங்கள். நுனி தரையை நோக்கிச் சாய்ந்துகொண்டே போனால் மூன்று மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

5. ரீலும் நரம்பும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராடுக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல், 2500 அளவு. மேலே உட்காரும் பெயிட்காஸ்டர் வேண்டாம். 7 கிராமுக்கு அது தோதுப்படாது, முதல் நாளே நரம்பு சிக்கிப் பறவைக் கூடு கட்டிவிடும்.

நரம்பு 10 பவுண்டு ப்ரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்தது. நம் தங்கூசி நரம்பு இழுத்தால் நீளும், அந்த நீளலில் கடி தெரியாது. ப்ரெய்டு நீளாது. ஆனால் அதை ரீலில் நேரடியாகச் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் சாதாரண நைலானைச் சுற்றிவிட்டு, அதன்மேல் ப்ரெய்டைக் கட்டுங்கள். முனையில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் என்ற வகை நரம்பு. தெளிந்த தண்ணீரில் ப்ரெய்டு மீனுக்குத் தெரியும், பாறையில் உரசினாலும் அறும்.

6. எவ்வளவு ஆகும்

இரண்டாவது முறை நான் செலவழித்தது: ராடு 95 டாலர், ரீல் 70, நரம்பு இரண்டும் சேர்த்து 32, ஜிக்கும் ரப்பரும் 25. வரியோடு 251 டாலர். ராடும் ரீலும் சேர்ந்த 'காம்போ' 80, 90 டாலருக்குக் கிடைக்கும். அதில் ராடு பரவாயில்லாமல் இருக்கும், ரீலில்தான் சிக்கனம் செய்திருப்பார்கள். கையில் காசு குறைவென்றால் காம்போவே வாங்குங்கள், ஆனால் மேலே சொன்ன எடை வரம்பும் பின்கைப்பிடியும் பொருந்த வேண்டும். ரீலைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

150 டாலருக்கு மேல் முதல் ராடுக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் கிடைக்கும் நுண்மையை உணர ஒரு வருஷப் பழக்கம் வேண்டும்.

பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த எழுத்து ஒரு குளிர்காலத்தில் மங்கிவிடும், உத்தரவாதம் கேட்கப் போகும்போது வெற்றுத்தாள்தான் இருக்கும். பயன்படுத்திய பிறகு மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். பழைய ராடு வாங்கினால், அதைக் கழற்றி இரண்டு துண்டும் மறுபடி இறுக்கமாகச் சேர்கிறதா என்று நீங்களே செய்து பாருங்கள்.

7. லைசன்ஸ்: இதில் புதியவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது

18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு வேண்டும். ஒன்று அவுட்டோர்ஸ் கார்டு, மூன்று வருஷம் செல்லும். இன்னொன்று மீன்பிடி லைசன்ஸ். ஹன்ட் அண்ட் ஃபிஷ் ஒன்டாரியோ இணையச் சேவையிலேயே இரண்டையும் எடுக்கலாம். நான் எடுத்தபோது கார்டு எட்டரை டாலர் சொச்சம், ஒரு வருஷ லைசன்ஸ் 'கன்சர்வேஷன்' வகை 15 டாலர், 'ஸ்போர்ட்' வகை 26 டாலர் சொச்சம். விட்டுவிடவே பிடிப்பவர்களுக்கும், வீட்டுக்கு ஒன்றிரண்டு மீன் போதும் என்பவர்களுக்கும் கன்சர்வேஷன் தாராளம். வித்தியாசம், வீட்டுக்கு எடுத்துப் போகும் எண்ணிக்கையில்தான்.

பொறி இதுதான். ஒன்டாரியோ வாசி என்ற கட்டணம் கிடைக்க, கடந்த 12 மாதத்தில் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். போன மாதம் வந்து இறங்கியவர் வாசி கட்டணத்தில் எடுத்துவிடக் கூடாது. அப்படி எடுத்தால் அது தவறான தகவல். அவசரமில்லை என்றால் ஆறு மாதம் பொறுங்கள், இல்லையென்றால் வெளிநாட்டவர் கட்டணத்தைக் கட்டுங்கள்.

கார்டு தபாலில் வரச் சில வாரம் ஆகும். அதுவரை லைசன்ஸ் விவரத் தாளை அச்சடித்தோ போனில் சேமித்தோ கையில் வைத்திருங்கள். கேட்டால் காட்ட வேண்டும்.

பருவம் அடுத்த விஷயம். மாகாணம் 20 மீன்பிடி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. நான் போகும் கவார்த்தா பக்கம் 17ஆம் மண்டலம். அங்கே பிக்கரல், அதாவது வால்ஐ மீனைப் பிடிக்கும் பருவம் மே மாத இரண்டாம் சனிக்கிழமை திறக்கும். 35 முதல் 50 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். பாஸ் ஜூன் பாதிக்கு மேல்தான். ஸ்குகாக் ஏரியில் பிக்கரல் வருஷம் முழுக்கத் தடை, அதே மண்டலம்தான், ஆனால் ஏரிக்கென்று தனி விதி. அதனால் மண்டல விதியைப் படித்ததோடு நிறுத்தாமல், கீழே இருக்கும் தனி ஏரிகளின் பட்டியலையும் பாருங்கள். 'பிடித்துவிட்டு விட்டுவிடுவேன்' என்பதும் மூடிய பருவத்தில் செல்லாது. விதிவிலக்கு இருக்கும் இடங்களில் அது எழுதியே இருக்கும்.

ஈய ஜிக் பற்றி ஒன்று. புரூஸ் தீபகற்பம், தௌசண்ட் ஐலண்ட்ஸ் போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைவான ஈய ஜிக்கையும், நரம்பில் கட்டும் ஈய குண்டையும் கொண்டுபோகக் கூடாது. லூன் பறவைகள் அதை விழுங்கிச் சாகின்றன. நான் டங்ஸ்டனுக்கே மாறிவிட்டேன். விலை கூடுதல்தான், ஆனால் உருவம் சிறியது, அடித்தரையும் கைக்கு நன்றாகத் தெரிகிறது.

8. கேனோவில் ஏறுவதற்கு முன்

மோட்டார் இல்லாத கேனோவுக்குப் படகோட்டி அட்டை தேவையில்லை. சின்ன பேட்டரி மோட்டார் மாட்டினால்கூடத் தேவை. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம், ஒரு விசில் கட்டாயம். வாடகைக்கு எடுத்தால் இவற்றைத் தருவார்கள், ஆனால் இருக்கிறதா என்று நீங்கள் எண்ணிப் பாருங்கள். ஜாக்கெட்டைச் சீட்டுக்கு அடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். மே மாதத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீர் அப்போதும் பனிக்கட்டி உருகிய குளிரில்தான் இருக்கும். விழுந்தால் முதல் நிமிஷமே மூச்சு வாங்கிவிடும். நீச்சல் தெரியும் என்ற தைரியம் அங்கே உதவாது.

ராடை ஒரு மெல்லிய கயிற்றால் சீட்டில் கட்டிவையுங்கள். சுண்டும்போது தலைக்கு மேல் தூக்காமல், தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, கேனோவின் நீளவாக்கில் வாரி இழுங்கள். குறுக்காக இழுத்தால் படகு சாயும்.

9. எப்போது வாங்குவது

இரண்டு நல்ல சமயம் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் கடைகள் மிச்சத்தைத் தள்ளிவிடும்போது விலை குறையும், ஆனால் மீடியம் பவர் முதலில் தீர்ந்துவிடும். ஏப்ரலில் எல்லா அளவும் கிடைக்கும், முழு விலை. முதல் ராடு என்றால் நான் ஏப்ரலைச் சொல்வேன். பாஸ் திறக்க இரண்டு மாதம் இருக்கும், பழகிக்கொள்ளலாம்.

பழகத் தண்ணீர் வேண்டாம். ஒரு 7 கிராம் ஜிக்கின் முள்ளைக் குறடால் வெட்டிவிட்டு, பூங்காவில் ஆள் இல்லாத புல்வெளிக்குப் போங்கள். 15 மீட்டரில் ஒரு வாளியை வைத்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வீசுங்கள். நின்று வேண்டாம், கேனோவில் நிற்கப் போவதில்லை. பத்தில் ஆறு, வாளிக்கு ஒரு மீட்டருக்குள் விழ ஆரம்பித்ததும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு அதையே மறுபடி செய்யுங்கள். எனக்கு நான்கு சாயங்காலம் பிடித்தது.